தரையில் வைத்த சோறு

காக்கை தின்ற இலை அப்படி இருக்காது. காக்கை கொத்தும், சிதறும், இலை நரம்பில் நாலு எள்ளாவது ஒட்டியிருக்கும். மொட்டைமாடியில் மஹாதேவன் காலையில் வைத்துவிட்டுப் போன இலையில் பருக்கையும் இல்லை, எள்ளும் இல்லை. பச்சை ஈரமாகப் பளபளத்தது. குனிந்து தொட்டான். தண்ணீர் இல்லை. விரலை எடுத்தபோது நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கல்கத்தா பவானிபூர் காக்கைகள், கையிலிருக்கும் பட்சணத்தைப் பிடுங்குபவை. ஒன்றும் கரையவில்லை. ஒன்றும் இந்த மாடிக்கு வரவில்லை. எல்லாம் அவன் காலடியில் இருந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஜலஜா ஆடி மாதம் காய்ச்சலில் போனாள். இது தை. மாதா மாதம் அவள் திதியில் எள்ளும் நெய்யும் போட்டுப் பிசைந்த சாதத்தைக் கோத்திரமும் பேரும் சொல்லி வைக்கிறான். நம்பிக்கை என்று சொல்ல முடியாது. நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. அவள் போனபிறகு அவனுக்குள் அந்த மாதிரிக் கேள்விகள் எதுவும் எழுவதில்லை. வைக்க வேண்டும், வைத்தான்.

"காக்கா எடுத்துதாடா?" கீழே படிக்கட்டிலிருந்து நாகலக்ஷ்மியின் குரல். அவன் அக்கா. அவளும் அத்திம்பேரும் இந்த மாடிப் போர்ஷனில் இருக்கிறார்கள். ஜலஜா போனதிலிருந்து அவனும் குழந்தையும் அவர்களோடு.

"எடுத்தாச்சு."

"அதுக்குள்ளயா? உயிரோட இருக்கச்சே அவளுக்குச் சாப்பாட்டுல இத்தனை அவசரம் கிடையாதே."

அவன் இலையைச் சுருட்டினான். அப்போதுதான் அந்த வாடை வந்தது. நனைந்த கம்பளி, புளித்த இலுப்பைப்பூ, அதற்கு அடியில் எங்கேயோ மண். கல்கத்தாவில் அந்த வாடைக்கு இடமில்லை. அவன் அதை முன்பு வேறு இடத்தில் முகர்ந்திருக்கிறான்.

*

ஐப்பசியில் ரயில் பாதை சர்வே கோஷ்டியோடு மேற்கே மலைக்காட்டுக்குப் போனான். கணக்குப் படித்த பி.ஏ. என்பதால் அளவுகளைச் சரிபார்க்கிற வேலை. கோஷ்டிக்குத் தலைவர் ராகவேந்திரன். பெரிய உடம்பு, சின்ன கண்கள், எதைச் சொன்னாலும் எதிராளி முட்டாள் என்கிற தொனி. போன முதல் நாளே எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"இது கரடிக் காடு. புலி உங்களைப் பார்த்தா ஒதுங்கிப் போகும். கரடி ஒதுங்காது. அதுக்குக் கண்ணும் காதும் மந்தம். மூக்கு மாத்திரம்தான். அதனால தின்கிற சாமான் ஒண்ணும் தரையில இருக்கப்படாது. ஒண்ணும் டெண்டுக்குள்ள இருக்கப்படாது. சொல்றது புரியறதா ஓய் மஹாதேவன்? பி.ஏ. படிச்சவாளுக்குத்தான் ரெண்டு தரம் சொல்லணும்."

அரிசி, பருப்பு, வெல்லம், நெய் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில். கூடாரங்களிலிருந்து தூரத்தில் இரண்டு சால மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, பெட்டியை அதில் தூக்கி, கயிற்றின் மறுநுனியை மூன்றாவது மரத்தில் முடிந்துவிடுவார்கள். சமையல் ஒரு பக்கம், படுக்கை இன்னொரு பக்கம். மிச்சத்தை நெருப்பில் போட்டுவிட வேண்டும். சாப்பிட்டதும் கையை மட்டுமல்ல, முழங்கை வரை தேய்த்துக் கழுவ வேண்டும். நெய் பட்ட வேஷ்டியும் பெட்டியோடு மேலே போய்விடும்.

"எல்லாத்தையும் விட முக்கியம் ஒண்ணு இருக்கு," என்றார் ராகவேந்திரன். "திருடித் தின்ன கரடி, சாமானைத் தேடிண்டு வரும். மேலே தூக்கிட்டா ஏமாந்து போயிடும். ஆனா ஒருத்தன் கையால வெச்சுத் தின்ன கரடி சாமானைத் தேடாது. அந்த ஆளைத் தேடும்."

மஹாதேவன் எல்லா விதியையும் காப்பாற்றினான். ஒன்றைத் தவிர. திதியன்று பிசைந்த சாதத்தை மரத்தில் தொங்கவிட முடியாது. அது தரையில், தர்ப்பைமேல் இருக்க வேண்டும். பெட்டியில் வைக்கவும் முடியாது, அதில் அளவுச் சங்கிலி பிடிக்கிற வங்காளிகளின் கருவாடு இருந்தது. ராகவேந்திரனிடம் கேட்டால் சிரிப்பார். ஆகவே தன் கூடாரத்துக்குப் பின்னால், சால இலைகளைத் தைத்து, அதில் வைத்தான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். காத்திருந்தான். அந்தக் காட்டில் காக்கை வரவில்லை. எடுக்காத சாதத்தை நெருப்பில் போட மனசு வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போனான். திரும்பி வந்தபோது இலை காலியாக இருந்தது. ஆடி மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது.

அடுத்த மாதம் வைத்துவிட்டுத் திரும்பும்போது மரங்களுக்குள் சத்தம் கேட்டது. கொல்லன் துருத்தி ஊதுவதுபோல, இழுத்து, விட்டு, இழுத்து. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்கழியில், கோத்திரம் சொல்லி, பேரைச் சொல்ல வாயெடுக்கும்போதே அது வந்து உட்கார்ந்திருந்தது. பனிமூட்டம். கறுப்பு மயிர் தோள்களில் அவிழ்ந்து தொங்கியது. இரண்டு காலையும் முன்னால் நீட்டி, பெண்கள் அரிவாள்மணை முன்னால் உட்காருவார்களே, அப்படி. மார்பில் கழுத்தைச் சுற்றி இறங்குகிற மாதிரி வெளிர் மஞ்சளாக ஒரு வளைவு. அவன் இலையைக் கீழே வைத்தான். அது நீளமாகக் கையை நீட்டி இலையை இழுத்துக்கொண்டது. தின்றபிறகு தன் உள்ளங்கையைச் சப்பிக்கொண்டே ஒரு முனகல் முனகியது. ஒரே சுருதியில், நிற்காமல், மூக்கால்.

குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டும்போது ஜலஜாவுக்குப் பாட்டு வராது. அவள் இப்படித்தான் முனகுவாள்.

அன்று சாயங்காலம் ராகவேந்திரன் கூடாரத்துக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈர மண்ணில் வெறுங்கால் தடங்கள். மனுஷக் கால் மாதிரியே, ஆனால் விரல்களுக்கு முன்னால் தள்ளி ஐந்து குழிகள்.

"யாருக்கு ஓய் விருந்து வெச்சீர்?"

மஹாதேவன் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

"ஊருக்குப் போம். கல்கத்தா ஆபீஸ்ல உட்கார்ந்து வரைபடம் போடும். உம்மை வெச்சுண்டு நான் இங்கே தூங்க முடியாது."

கிழிந்த கூடாரங்களை ஏற்றிக்கொண்டு போன சரக்கு வண்டியில் அவன் பெட்டியும் படுக்கையும் போயின. படுக்கையில் போர்வைக்குப் பதில் அவன் போர்த்திக்கொள்கிற ஜலஜாவின் பழைய நூல்புடவையும் இருந்தது.

*

இலையைப் பார்த்த அன்றைக்கே ராகவேந்திரன் கல்கத்தாவில் இருந்தார். சாமான் வாங்க வந்திருந்தார். ஆபீஸ் விட்டதும் மஹாதேவனைக் கூட்டிக்கொண்டு ஹவுரா மிதவைப் பாலத்தில் நடந்தார். பாலம் மூச்சு விடுவதுபோலக் காலடியில் ஏறி இறங்கியது. இரண்டு கரையிலும் கரிப்புகை. கீழே நதி தெரியவில்லை, சத்தம் மட்டும் பலகைகளுக்கு அடியில் சப்பிக்கொண்டிருந்தது.

"உம்ம சாமான் வந்த வண்டியை சாந்த்ராகாச்சி யார்டுல திறந்தானே, அந்தக் காவல்காரன் இப்போ வேலைக்கு வரதில்லையாம்."

"ஏன் சார்?"

"உள்ளே கூடாரத் துணியெல்லாம் கூடு மாதிரி சுருட்டி இருந்ததாம். மயிர். நாத்தம். கதவைத் திறந்ததும் ஒரு பொம்மனாட்டி இறங்கிப் போனான்னு சொல்றான்."

மஹாதேவன் காலடிப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

"குடிகாரப் பயல். கரடியைப் பார்த்திருப்பான், வெட்கப்பட்டுண்டு பொம்மனாட்டின்னு சொல்றான்." ராகவேந்திரன் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்புறம் லைனோட ரெண்டு மூணு இடத்துல நாய்களைக் காணோமாம். ஹவுரா வரைக்கும். இந்தப் பக்கம் வராது. பாலத்துக்குச் சுங்கம் கேட்பானே."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"ஊருக்கு வந்தப்புறம் வெச்சீரா?"

"இன்னிக்குக் காலம்பற."

"பேரைச் சொல்லியா?"

"பேரைச் சொல்லாம எப்படி சார் வைக்கறது?"

ராகவேந்திரன் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, வியாதிக்காரனிடமிருந்து ஒதுங்குகிற மாதிரி, ஒரு அடி தள்ளி நின்றார். "ஆத்துல வேற யாரெல்லாம் இருக்கா?"

"அக்கா. அத்திம்பேர். குழந்தை காமு."

"குழந்தை தானே எடுத்துச் சாப்பிடறதோ?"

"ரெண்டரை வயசு சார். சாப்பிடறது."

"கையைக் கழுவி விடும்," என்றார். வேறு ஒன்றும் சொல்லாமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். கூட வா என்று கூப்பிடவில்லை.

*

அன்றிலிருந்து வீட்டில் காட்டின் சட்டம்.

சமையலறை உத்தரத்தில் உறி கட்டினான். அரிசிப்பானை தவிர எல்லாம் மேலே. நெய்ச்சட்டி, வெல்லம், தயிர், மிஞ்சின குழம்பு. எட்டாத உயரம். நாகலக்ஷ்மி ஒவ்வொன்றுக்கும் முக்காலி போட்டு ஏறி இறங்கினாள். எச்சில் இலையை அவனே உடனுக்குடன் கரியடுப்பில் போட்டான். மாடிக்குப் போகிற கதவைத் தாழிட்டான். அத்திம்பேர் வழக்கம்போலப் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

"சமையல்கட்டா, சர்க்கஸ் கொட்டாயா?" என்றாள் நாகலக்ஷ்மி முக்காலியின் மேலிருந்து. "பூனைக்குப் பயந்து உறி கட்டுவா. நீ யாருக்குப் பயந்துடா கட்டறே?"

"கொஞ்ச நாள் அக்கா."

"ரெண்டாந்தாரம் பண்ணிக்கோன்னு சொன்னா நகர்றே. உறி கட்டச் சொன்னா ஓடறே."

உறியை யாரும் தொடவில்லை. சாயங்காலங்களில் கரிப்புகை தெருவில் இறங்கி ஜன்னல் கம்பிகளுக்குள் சாம்பல் நிறத்தில் நுழையும் நேரத்தில், சாத்திய சமையலறைக்குள் உறியின் கயிறுகள் மட்டும் மெல்ல அசைந்தன, யாரோ அடியில் நின்று முகர்ந்து, வேண்டாம் என்று விலகிப் போனதுபோல. நெய் குறையவில்லை. வெல்லம் குறையவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. சாமானைத் தேடாது. ஆளைத் தேடும்.

ஆளுக்காக அவன் காத்திருந்தான். அவன்தானே வைத்தவன். வரட்டும். அந்த எண்ணத்தில் பயம்கூட இல்லை, ஒரு மரத்துப்போன ஒழுங்கு இருந்தது. வந்து என்னை எடுத்துக்கொண்டு போகட்டும். ஆனால் கதவருகே அவன் படுத்திருக்கும்போது எதுவும் வரவில்லை.

கீழ்ப் போர்ஷனில் ஒரு வங்காளி அம்மாள் தனியாக இருந்தாள். எல்லாரும் மாசிமா என்று கூப்பிடுவார்கள். ஒருநாள் அவன் ஆபீசிலிருந்து வந்தபோது படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றாள். கையில் துடைப்பம்.

"மஹாதேப் பாபு, உங்கள் வீட்டில் புதிதாக யார் வந்திருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை மாசிமா."

"பொய் சொல்லாதீர்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருத்தி படியேறிப் போகிறாள். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு. எண்ணெய் தடவுவதில்லையா அவள்? கூப்பிட்டால் திரும்புவதில்லை. மதராஸிகளுக்கு மரியாதை தெரியாதா? படியெல்லாம் சேறு. நான் வேலைக்காரியா துடைக்க?"

படியில் ஈரம் இன்னும் காயவில்லை. தடங்கள் எல்லாம் மேலே போயிருந்தன. இறங்கின தடம் ஒன்றும் இல்லை.

மேலே காமு தரையில் உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"கையைக் காட்டு."

காட்டினாள். உள்ளங்கை சிவந்திருந்தது. தோல் மேலாகத் தேய்ந்து, மணல்காகிதம் போட்டு உரசினாற்போல. விரல் இடுக்குகளில் பளபளவென்று ஏதோ காய்ந்திருந்தது.

"யார் பண்ணினா?"

"அம்மா."

அவன் குழந்தையின் முகத்தையே பார்த்தான். ஜலஜா போனபோது காமுவுக்கு இரண்டு வயது நிரம்பியிருந்தது. அம்மா முகம் ஞாபகம் இருக்க நியாயமில்லை.

"அப்பா மாடியில கூப்பிட்டா. அம்மா வந்தா," என்றாள் காமு. "நானும் கூப்பிட்டேன். மம்மு குடுத்தேன். கையில."

"எப்போ?"

"தினம்."

நாகலக்ஷ்மி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. பிறகு அந்த வெளுப்பு கோபமாக மாறியது. அவளுக்குத் தெரிந்த வழி அது.

"அது சொறிடா. தொத்து வியாதி. ரெண்டு நாளா அது மேலே ஒரு வாடை. குளிப்பாட்டினாலும் போகமாட்டேங்கறது. நான் தொடமாட்டேன்."

"நீ பார்க்கலையா அக்கா? தினமும் ஆத்துலதானே இருக்கே?"

"நான் பார்க்கறது உலையை. உறியைப் பிடிச்சுத் தொங்கறதுக்கே எனக்கு நேரம் சரியாயிருக்கு." அவள் கொடியிலிருந்த புடவைகளை உருவினாள். "நாங்க இவர் தம்பி ராஜாராமன் ஆத்துக்குப் போறோம். குழந்தை சரியாற வரைக்கும் வரமாட்டோம். செத்தும் அவ இந்த ஆத்தை விடலை பாரு."

அவன் தடுக்கவில்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்க வாயெடுத்தான். அத்திம்பேர் அதற்குள் பெட்டியோடு பாதிப் படி இறங்கியிருந்தார்.

*

மறுநாள் அவன் ஆபீஸ் போகவில்லை. காமுவைக் கண்ணெதிரிலேயே வைத்திருந்தான். பகல் சாதாரணமாகக் கழிந்தது. தெருவில் தயிர்க்காரன் போனான். டிராம் மணி கேட்டது. மாசிமா யாரையோ திட்டினாள். இவ்வளவு மனுஷர்கள் நடுவில் என்று அவன் நினைத்தான். சூரியன் இறங்கினதும் அந்த மனுஷர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் கரியடுப்பு மூட்டினார்கள். புகை சந்து முழுவதையும் நிரப்பி, ஜன்னல்வரை ஏறி, எதிர்வீட்டை விழுங்கி, தெருச் சத்தங்களை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றிக் கொண்டுபோயிற்று. கடைசியில் தண்ணீர்க்குழாய் சொட்டுகிற ஒலியும், தன் காதுக்குள்ளேயே ஓடுகிற இரத்தத்தின் ஒலியும் தவிர ஒன்றுமில்லாத ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள் அவனும் குழந்தையும் விளக்கும் மட்டும் இருந்தார்கள்.

காமுவுக்குச் சாதம் ஊட்டி முடித்தான். சீயக்காய் போட்டு அவள் கையையும் வாயையும் முழங்கையையும் தேய்த்தான். அவள் அழுதாள். மறுபடி தேய்த்தான். கட்டியிருந்த பாவாடையை அடுப்பில் போட்டான். வேறு உடுத்தித் தூளியில் போட்டான். அந்தத் தூளி, காட்டிலிருந்து படுக்கையோடு திரும்பி வந்த ஜலஜாவின் நூல்புடவை. அது வந்தபிறகு வேறு எதில் போட்டாலும் காமு தூங்கமாட்டாள்.

பிறகு ஒரு யோசனை வந்தது. அது வரும். வருவதை நிறுத்த முடியாது. மாடியில் சோறு இருந்தால் அங்கே உட்காரும். உட்கார்ந்ததும் கதவை உள்பக்கமிருந்து தாழிடலாம். விடிந்ததும் போலீஸ், துப்பாக்கி, ஏதாவது.

உறியை இறக்கி எல்லாவற்றையும் தூளிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான். சாதத்தில் நெய்யை ஊற்றினான். தாராளமாக, விரல்களுக்கு நடுவே வழிய வழியப் பிசைந்தான். மாடிக்கு ஓடி இலையில் வைத்தான். பேரைச் சொல்லவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றான்.

மாடியில் புகை. இலை. வெள்ளையாகச் சோற்றுருண்டை.

ஒன்றும் வரவில்லை.

பேர் சொல்லாத சோறு வெறும் சோறு என்று அவனுக்குத் தோன்றியது. அந்தச் சமயத்தில் கீழே, வீட்டுக்குள்ளிருந்து, காமுவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அம்மா. மம்மு."

அவன் படிகளில் விழுந்து எழுந்து இறங்கினான். அறை அப்படியே இருந்தது. விளக்கு. தூளி. காமு எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவன் வாசற்கதவைப் பார்த்தான். தாழ் போட்டிருந்தது. கதவுக்கு அப்பால் தெருவிலிருந்து ஏறுகிற படிக்கட்டில் துருத்தி ஊதிற்று.

இழுத்து. விட்டு. இழுத்து.

அவசரமில்லை. ஒவ்வொரு படியிலும் நகங்கள் கல்லைத் தொட்டன. பழக்கமான வீட்டுக்கு வருகிறவர்களின் நடை.

மஹாதேவன் மேலே பார்த்தான். உத்தரத்தில் இரும்பு வளையம். முன்பு கயிறு கட்டி இழுக்கிற பங்கா விசிறி தொங்கின இடம். தூளிக் கயிறு அதன் வழியாகத்தான் போய் ஜன்னல் கம்பியில் முடிந்திருந்தது. காட்டில் பெட்டியைத் தூக்குகிற அதே ஏற்பாடு. அவன்தான் கட்டினான். எதை மேலே தூக்க வேண்டும் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

முடிச்சை அவிழ்த்தான். இழுத்துக்கொண்டே எதிர்ச்சுவர்வரை பின்வாங்கினான். காமு சிரித்தாள். தூளி இடுப்பளவு உயர்ந்தது, தோளளவு, தலைக்கு மேல். புடவை மடிப்பிலிருந்து ஏதோ தரையில் உதிர்ந்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான்.

சோற்றுப் பருக்கைகள். காய்ந்தவை, காயாதவை. அவள் மடிப்புக்குள் சேர்த்து வைத்திருந்தாள். அம்மாவுக்கு.

கயிறு முழுவதும் இழுபட்டுவிட்டது. மறுநுனி அவன் கையில். ஜன்னல் எதிர்ச்சுவரில் இருந்தது. முடிய அங்கே நடந்தால் வழியில் தூளி இறங்கிவிடும். காட்டில் மூன்றாவது மரம் இருந்தது. இங்கே அவன்தான்.

கதவில் மூச்சு. அடியிலிருந்த இடுக்கு வழியாக உள்ளே வந்த காற்றில் விளக்கு படுத்து எழுந்தது. நனைந்த கம்பளி. புளித்த இலுப்பைப்பூ. மண்.

தாழ் உடையவில்லை. தாழ் போட்டபடியே இருந்தது. ஆனால் கதவின் இரண்டு பலகைகளும் கீல்களோடு நிதானமாக, ஓசையில்லாமல், உள்பக்கம் சாய்ந்தன.

அது நாலு காலில் வந்தது. மயிர் தரையைப் பெருக்கியது. அவன் காலருகே இறக்கி வைத்திருந்த நெய்ச்சட்டியை முகர்ந்தது. நகர்ந்தது. வெல்லத்தை முகர்ந்தது. நகர்ந்தது. தரையில் உதிர்ந்த பருக்கைகளைக்கூடத் தொடவில்லை. அவன் முழங்காலில் ஈரமூக்கு ஒரு கணம் பட்டது. அதையும் விட்டுப் போயிற்று.

அவனை அதற்கு வேண்டியிருக்கவில்லை. அவன் வைத்ததெல்லாம் தரையில். காமு கையிலேயே கொடுத்தாள்.

தூளிக்கு அடியில் போய் அது நிமிர்ந்து நின்றது. இரண்டு காலில். நிழல் உத்தரம்வரை போயிற்று. மார்பில் மஞ்சள் வளைவு. விளக்கு வெளிச்சத்தில் அது மயிரா, தாலிச் சரடா, சொல்ல முடியவில்லை. முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்க்க மறுத்தான். கூந்தல் மறைத்திருந்தது.

கை நீண்டது. எட்டவில்லை. ஒரு சாண் குறைந்தது.

அது ஆத்திரப்படவில்லை. நகங்களின் நுனியால் தூளியின் அடிப்பக்கத்தைத் தொட்டது. தள்ளியது. மெல்ல. தூளி போயிற்று, வந்தது. மறுபடி தள்ளியது. முனகல் ஆரம்பித்தது. ஒரே சுருதியில், நிற்காமல், மூக்கால்.

"இன்னும்," என்றாள் காமு மேலிருந்து. தூக்கக் கலக்கக் குரல்.

மஹாதேவன் கயிற்றை இறுக்கிப் பிடித்தான். அப்போதுதான் தன் கைகளைக் கவனித்தான்.

குழந்தைக்குத் தேய்த்தான். முழங்கைவரை தேய்த்தான். தன் கையைக் கழுவவில்லை. மணிக்கட்டுவரை நெய்.

தூளி போயிற்று. வந்தது.

கயிறு விரல்களுக்குள் ஒரு நூலளவு வழுகியது.

அவன் மறுபடி இறுக்கினான். இறுக்க இறுக்க வழுகியது. கையை மாற்றினால் விட்டுவிடும். இடுப்பில் சுற்ற முடியாது, குனிந்தால் விட்டுவிடும். கத்தினான் என்று நினைத்தான். சத்தம் வரவில்லை. கீழே மாசிமா யாருடனோ விலை பேசிக்கொண்டிருந்தாள்.

போயிற்று. வந்தது.

ஒரு விரற்கடை.

தூளியின் விளிம்பிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து கீழே தொங்கியது. சிவந்த உள்ளங்கை. விரல்களைப் பிரித்தது. அதில் ஒரு பிடி சோறு இருந்தது.

நிழல் வாயைத் திறந்துகொண்டு, முனகிக்கொண்டே, பொறுமையாக நின்றது. கயிறு இறங்கிக்கொண்டிருந்தது.